வேண்டாம் என்பதற்கு ஒரு கட்டணம்

(மதுரையில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"எதில் போட்டால் நல்லது?" பணிக்காலம் முழுவதும் வங்கிக் கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்பதால், இந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை. கல்யாண வீட்டில் பந்தியில் கேட்கிறார்கள். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில், வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்கிறார்கள். நிதி ஆலோசகர் என்றால் இந்தக் கேள்விக்கு விடை சொல்பவர் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நினைத்திருக்கிறோம். அவருடைய வேலையில் அது ஆகச் சிறிய பங்கு என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். "இதில் போடுங்கள்" என்று சொல்ல ஆளுக்கா பஞ்சம்? மைத்துனர் சொல்கிறார், யூடியூபில் ஒரு பையன் சொல்கிறான், வங்கிக்குப் பாஸ்புக் பதியப் போனால் டை கட்டிய ஒருவர் காபி கொடுத்துச் சொல்கிறார். "வேண்டாம்" என்று சொல்வதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. நல்ல ஆலோசகருக்கு நாம் கொடுக்கும் கட்டணம் பெரும்பாலும் அந்த ஒரு சொல்லுக்கானது.

நம் மாநிலத்தின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளில் பைனான்ஸ் கம்பெனிகள் வீதிக்கு வீதி முளைத்து, வரிசையாகக் கவிழ்ந்தன. அதனால்தான் 1997-இல் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் என்று தமிழ்நாடு தனியாக ஒன்றைக் கொண்டுவர வேண்டியிருந்தது. தேக்கு மரத் திட்டங்களில் போட்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள், கை தூக்கச் சொல்லி வம்பில் மாட்டிவிட மாட்டேன். 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி. குஞ்சு தருகிறோம், கொட்டகை போட்டுத் தருகிறோம், தீவனம் தருகிறோம், அதற்கு மேல் மாதாமாதம் பணமும் தருகிறோம் என்றார்கள், அதுவும் கவிழ்ந்தது. பத்து வருஷம் கழித்து, 2022-இல், மாதத்துக்கே 25, 30 சதவீதம் வட்டி என்று சொன்ன ஒரு நிறுவனத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் போட்டிருந்தது வெளியே வந்தது.

இவர்கள் எல்லாம் விவரம் தெரியாதவர்கள் என்று சொல்வது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. கணக்குப் போடத் தெரிந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்களைச் சுற்றி நின்றவர்களைப் பாருங்கள். சேர்த்துவிட்டவருக்குக் கமிஷன். அவரைச் சேர்த்துவிட்டவருக்கு அதில் ஒரு பங்கு. முதலில் போட்டுப் பணம் வாங்கியவருக்கோ, நாலு பேர் புதிதாகச் சேர்ந்தால்தான் அடுத்த மாதம் பணம் வரும். புதிதாகப் போட வந்தவர் "சரி" என்று தலையாட்டினால் லாபம் அடையாத ஆள் ஒருவர்கூட அந்த வட்டத்தில் இல்லை. "அண்ணே, இந்த ஈமு கறியைக் கடைசியில யாரு வாங்கித் திங்கிறாங்க?" என்று கேட்க ஒரே ஒருவர் இருந்திருந்தால் போதும்.

ஆலோசகரின் அறைக்குள் என்னதான் நடக்கிறது என்று ஒருமுறை அருகிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். என் நண்பர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி, ஓய்வூதியத் தொகுப்பு எல்லாம் சேர்த்து 42 லட்சம் கைக்கு வந்திருந்தது. பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபியில் பதிவு பெற்ற ஆலோசகர் ஒருவரிடம் கணவன் மனைவி இருவரும் போனார்கள், துணைக்கு நான். ஆலோசகருக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும்.

"தம்பி, நாப்பத்திரண்டு லட்சம் இருக்கு. எதுல போட்டா நல்லது?"

"அது இருக்கட்டும் சார். வீட்டுச் செலவு மாசம் எவ்வளவு ஆகுது?"

தலைமையாசிரியர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா சொன்னார்: "அவருக்கு எப்படிங்க தெரியும்? முப்பத்தெட்டாயிரம். மருந்து ஐயாயிரம் தனி."

ஓய்வூதியம் 36,000. ஆக, மாதம் ஏழாயிரம் துண்டு விழுகிறது. ஆலோசகர் அதை ஒரு தாளில் எழுதிக் கோடு போட்டார். அடுத்த அரைமணி நேரம் முதலீடு என்ற பேச்சே எழவில்லை. வீடு யார் பேரில் இருக்கிறது, மருத்துவக் காப்பீடு எவ்வளவுக்கு, நகை அடகில் ஏதாவது இருக்கிறதா, பையன் பணம் கேட்டிருக்கிறானா. கடைசிக் கேள்விக்கு இருவரும் கொஞ்சம் தயங்கினார்கள். கேட்டிருந்தான். சென்னையில் ஃபிளாட் வாங்க 15 லட்சம்.

"கொடுக்கிறது உங்க இஷ்டம் சார். ஆனா கடன்னு நினைச்சுக் கொடுக்காதீங்க. திரும்பி வராதுன்னு வச்சே நம்ம கணக்கைப் போடுவோம். வந்தா சந்தோஷம்."

வீட்டில் ஒரு மாதமாக இருவரும் பேசாமல் தள்ளிப்போட்டிருந்த விஷயம் அது. மேசைக்கு எதிரே மூன்றாம் மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்ததால் பத்து நிமிஷத்தில் பேசி முடிந்தது. பத்து லட்சம் என்று அந்த அம்மாதான் முடிவு சொன்னார்.

அதன் பிறகுதான் கொண்டுபோன பையைத் திறந்தோம். அதில் வங்கி மூலமாக எடுத்த ஒரு இன்சூரன்ஸ் பாலிசி. "எஃப்.டி. மாதிரிதான், ஒரே தடவை அஞ்சு லட்சம் போட்டா போதும்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஆலோசகர் பத்திரத்தைப் புரட்டி மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியில் விரலை வைத்தார். பிரீமியம் செலுத்தும் காலம்: 7 ஆண்டுகள். ஒரே தடவை என்று நினைத்தது, வருஷத்துக்கு ஐந்து லட்சம் வீதம் ஏழு வருஷம். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"பாலிசி கைக்கு எப்ப வந்துச்சு சார்?"

"பதினோரு நாள் இருக்கும்."

"அப்ப பிரச்சினை இல்ல. முப்பது நாளுக்குள்ள வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடலாம்."

பிடித்தம் கொஞ்சம் போகப் பணம் திரும்பி வந்தது. அதிலிருந்தும் மற்றதிலிருந்தும் 15 லட்சத்தை எடுத்து, அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடச் சொன்னார். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய். மாதக் கணக்கில் பத்தாயிரத்துக்கு மேல் வருகிறது. துண்டு விழுந்த ஏழாயிரம் அடைபட்டு, மேலே கொஞ்சம் மிச்சம். அந்தத் திட்டத்தில் ஆலோசகருக்கு ஒரு பைசா கிடையாது. ஒருவரின் யோக்கியதையைப் பார்க்க வேண்டுமானால், தனக்கு எதுவும் வராத இடத்துக்கு உங்களை அனுப்புகிறாரா என்று பாருங்கள்.

காப்பீட்டைப் பற்றி இன்னும் ஒன்று. வருஷம் 50,000 வீதம் இருபது வருஷம் கட்டி, முடிவில் 18 லட்சம் வந்தால் நம் ஆட்களுக்குப் பரம திருப்தி. "பத்து லட்சம் கட்டினேன், பதினெட்டு வந்துச்சு." வட்டி விகிதமாகப் போட்டுப் பார்த்தால் ஆண்டுக்கு ஐந்தேகால் சதவீதம் சொச்சம்தான். விலைவாசி ஏற்றத்தைக் கழித்தால் கையில் என்ன நிற்கும்? அந்தப் பணத்தில் சிறு பகுதிக்கு, இறந்தால் மட்டும் பணம் தரும் டெர்ம் பாலிசி எடுத்திருந்தால், குடும்பத்தலைவர் தவறினாலும் குடும்பம் நிற்கும் அளவுக்குக் காப்பீடு கிடைத்திருக்கும். அதை ஏன் யாரும் சொல்வதில்லை? டெர்ம் பாலிசியின் பிரீமியம் குறைவு, அதனால் கமிஷனும் குறைவு. நான் வங்கியில் இருந்தவன், மாத இலக்கு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். 28-ஆம் தேதிக்கு மேல் வங்கிக்குள் நுழையும் ஓய்வூதியர்மீது எத்தனை கண்கள் விழும் என்பதும் தெரியும். அந்த இளைஞர்களைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. அவர்களுடைய சம்பளம் அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது.

கடை வைத்திருப்பவர்கள், சொந்தத் தொழில் செய்பவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம் என்று 1874-இல் வந்த பழைய சட்டம் ஒன்று உண்டு. கணவர் தன் பேரில் எடுக்கும் ஆயுள் காப்பீட்டை அந்தச் சட்டத்தின் கீழ் மனைவி, பிள்ளைகள் நலனுக்கென்று எழுதிவைத்துவிட்டால், பின்னால் தொழில் நொடித்தாலும் கடன்காரர்கள் அந்தப் பணத்தில் கைவைக்க முடியாது. அதற்குப் பாலிசி எடுக்கும்போதே ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். பிறகு சேர்க்க வழியில்லை. பாலிசியை விற்கும் அவசரத்தில் இதை எத்தனை பேர் சொல்வார்கள்? ஆலோசகரின் அறிவு என்று நான் மதிப்பது இந்த மாதிரி விஷயங்களைத்தான். நாளைக்குச் சந்தை ஏறுமா இறங்குமா என்று சொல்வதை அறிவில் சேர்க்க மாட்டேன். அது ஜோசியம்.

சந்தை என்றதும் 2020 மார்ச் நினைவுக்கு வருகிறது. ஜனவரியில் 42,000-ஐத் தொட்ட சென்செக்ஸ், மார்ச் 23 அன்று ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்து 26,000-க்குக் கீழே முடிந்தது. ஊரடங்கு, சாவுச் செய்தி, வெறிச்சோடிய தெரு. பத்து வருஷமாகச் சேர்த்ததை அந்த வாரத்தில் விற்றுவிட்டுக் கையைக் கழுவியவர்கள் எத்தனையோ பேர். நவம்பரில் சென்செக்ஸ் பழைய உச்சத்தைத் தாண்டியது. விற்றவர்களில் பலர் மறுபடி உள்ளே போகவே இல்லை.

அப்போது "விற்காதீர்கள்" என்று சொன்ன ஆலோசகருக்கு நவம்பரில் ஏறும் என்று தெரிந்திருந்ததா? கிடையாது. தெரிந்ததாக யாராவது இன்று சொன்னால் அவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை மறுபடி எட்ட 2024 பிப்ரவரி வரை ஆனது. "பங்குச் சந்தை எப்போதும் திரும்பி வரும்" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்பவருக்கு அந்த முப்பத்து நாலு வருஷம் தெரியவில்லை என்று அர்த்தம். நல்ல ஆலோசகர் வேலையை முன்னாலேயே முடித்திருப்பார். ஐந்து வருஷத்துக்குள் தேவைப்படும் பணம், மகள் கல்யாணமோ வீட்டுக் கூரையோ, சந்தைப் பக்கமே போயிருக்காது. ஆறு மாதச் செலவுக்கான தொகை வங்கியில் தனியாகக் கிடக்கும். அதனால் மார்ச் 23 அன்று போன் வந்தபோது அவர் கேட்க வேண்டியிருந்தது ஒரே கேள்வி: "இந்த வருஷம் உங்களுக்கு இந்தப் பணம் வேணுமா?" வேண்டாம் என்றால் விற்கவும் வேண்டாம். வாடிக்கையாளர் அரைமணி நேரம் கோபப்படுவார். அதைக் கேட்டுக்கொண்டிருப்பதும் கட்டணத்தில் அடக்கம்.

ஏற்றத்தின்போது வேண்டாம் சொல்வது இன்னும் கடினம், அப்போது ஏச்சுதான் கிடைக்கும். பங்கு வாங்கி விற்பதை விட்டுவிட்டு இப்போது இளைஞர்கள் எஃப் அண்ட் ஓ என்கிற ஊகச் சந்தையில் இறங்கியிருக்கிறார்கள். செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். உங்கள் பேரன் அறையைப் பூட்டிக்கொண்டு லேப்டாப்பில் என்ன பார்க்கிறான் என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். இது தலைப்பில் சேராதுதான், ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

இனி கட்டணம். அமெரிக்காவின் வான்கார்ட் நிறுவனம் 2014-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. நல்ல ஆலோசகரால் வாடிக்கையாளருக்கு ஏறத்தாழ மூன்று சதவீதம் வரை கூடுதலாகக் கிடைக்கலாம், அதில் பாதி அளவு, பயத்திலும் பேராசையிலும் அவரைத் தப்பு செய்யவிடாமல் தடுப்பதால் வருவது என்றது. ஆலோசகர்கள் வழியாகவும் ஃபண்டு விற்கும் நிறுவனம் போட்ட கணக்கு, அதனால் அந்த மூன்றை அப்படியே விழுங்க வேண்டாம். ஆனால் அதே அறிக்கை இன்னொன்றும் சொன்னது: இந்தப் பலன் வருஷா வருஷம் சீராக வராது. பல வருஷம் ஒன்றுமே இருக்காது, பீதியோ வெறியோ பிடித்த ஏதோ ஒரு வருஷத்தில் மொத்தமாக வரும். சிக்கலே இங்கேதான். நடக்காமல் போன நஷ்டத்துக்கு ரசீது கிடையாது. சும்மா இருந்த வருஷத்தில் "இவருக்கு எதுக்கு இருபதாயிரம்?" என்று தோன்றத்தான் செய்யும்.

ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் போகும் பணத்துக்கு நாம் முகம் சுளிப்பதில்லை. மியூச்சுவல் ஃபண்டில் நுழையும்போதே பிடித்துக்கொண்டிருந்த நுழைவுக் கட்டணத்தை 2009 ஆகஸ்டில் செபி ஒழித்தது. 2013 ஜனவரியிலிருந்து, இடைத்தரகர் இல்லாமல் நாமே வாங்கும் 'டைரக்ட்' திட்டம் ஒவ்வொரு ஃபண்டிலும் வந்தது. 2018-இல் முன்கூட்டியே மொத்தமாகக் கொடுக்கும் கமிஷனும் நின்றது. இப்போது விநியோகஸ்தருக்குக் கிடைப்பது, நம் பணம் ஃபண்டில் இருக்கும்வரை ஆண்டுதோறும் அதிலிருந்தே கழியும் கமிஷன். முக்கால் சதவீதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 40 லட்சம் வைத்திருப்பவர் வருஷத்துக்கு 30,000 கொடுக்கிறார். எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காததால் வலிப்பதில்லை. அதே ஆள் ஆலோசகரிடம் 20,000 ரூபாய்க்குப் பேரம் பேசுவார். பத்து லட்சம் இருபது வருஷத்தில் பத்து சதவீதத்தில் வளர்ந்தால் 67 லட்சம் சொச்சம், ஒன்பதில் வளர்ந்தால் 56 லட்சம். அந்த ஒரு சதவீதத்தின் விலை பதினோரு லட்சம்.

இதைச் சொன்னதும் கமிஷன் வாங்குபவர் எல்லாம் கெட்டவர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வீடு வீடாகப் போய், ஃபண்டில் மாதாமாதம் போடும் எஸ்.ஐ.பி. என்றால் என்ன என்று பொறுமையாகச் சொல்லி, 500 ரூபாயில் ஆரம்பித்துவைத்து, 2020 மார்ச்சில் வாசலுக்கே வந்து "விக்காதீங்க அக்கா" என்று தடுத்த விநியோகஸ்தர்களை எனக்குத் தெரியும். வாங்கிய கமிஷனுக்கு அவர்கள் உழைத்திருக்கிறார்கள். சிறு தொகை உள்ளவர்களுக்குப் பல ஊர்களில் அவர்களை விட்டால் வேறு ஆளும் இல்லை. ஏனென்றால் கட்டணம் மட்டும் வாங்கும், செபியில் பதிவு பெற்ற ஆலோசகர்கள் இந்த நாடு முழுவதற்குமே ஆயிரத்தைச் சுற்றித்தான் இருக்கிறார்கள். எதிரே இருப்பவர் யார், அவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு பேசினால் போதும். விநியோகஸ்தரின் பதிவு எண் ஏ.ஆர்.என். என்று தொடங்கும், ஆலோசகரின் எண் ஐ.என்.ஏ. என்று தொடங்கும். ஆலோசகரின் எண்ணைச் செபி இணையதளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். பதிவு பெற்ற ஆலோசகர், ஒரே குடும்பத்துக்கு ஆலோசனையும் சொல்லி, அதே குடும்பத்திடம் பொருளை விற்றுக் கமிஷனும் வாங்கக் கூடாது. அவர் ஒரு குடும்பத்திடம் ஆண்டுக்கு வாங்கும் நிலையான கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு, இப்போது அது 1,51,000 ரூபாய். நடைமுறையில் நம் ஊர்களில் அதைவிட எவ்வளவோ குறைவாகத்தான் வாங்குகிறார்கள். உங்கள் பணத்தைத் தன் கணக்குக்கு அனுப்பச் சொல்பவர் எந்த எண்ணைக் காட்டினாலும் ஆலோசகர் இல்லை. கட்டணம் மட்டும்தான் அவருக்கு, முதலீடு உங்கள் பேரிலேயே போக வேண்டும்.

எல்லோருக்கும் ஆலோசகர் தேவையா? தேவையில்லை. கிரெடிட் கார்டில் பாக்கி வைத்து வருஷத்துக்கு 40 சதவீதம் வட்டி கட்டிக்கொண்டிருப்பவர் யாரிடமும் போக வேண்டாம், முதலில் அதை அடைக்கட்டும். வருமானம் ஒரே இடத்திலிருந்து, செலவு கட்டுக்குள், கடன் இல்லை, மருத்துவக் காப்பீடு இருக்கிறது என்றால் அஞ்சலகமும், சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஒரு சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டும் போதும். ஓய்வுபெறும் சமயம், சொத்து விற்ற பணம் கைக்கு வரும் சமயம், வீட்டில் ஒரு சாவு விழுந்த சமயம், இந்த மூன்றிலும் தனியாக முடிவெடுக்காதீர்கள்.

சாவு என்றதும் சிலர் முகம் மாறுகிறது. பரவாயில்லை, இதைப் பேசாமல் உரையை முடிக்க முடியாது. "நாமினி போட்டாச்சு, அப்புறம் என்ன?" என்கிறார்கள். கம்பெனிப் பங்குகளின் விஷயத்தில் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: நாமினி என்பதாலேயே ஒருவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார், சொத்து சட்டப்படியான வாரிசுகளுக்குத்தான். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு அவருடைய தாயாருக்கும் சம பங்கு உண்டு. மருமகள் பேரில் நாமினி இருக்கிறது, மாமியார் பங்கு கேட்கிறார் என்றால் அந்த வீடு என்னவாகும்? உயில் எழுத முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு செய்வதும் கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்துப் போட்டு, அவர்களும் கையெழுத்திட்டால் செல்லும். ஆலோசகர் இதைச் சொல்லி விட்டுவிட மாட்டார், அடுத்த சந்திப்பில் "எழுதியாச்சா?" என்று கேட்பார். அந்த நச்சரிப்புக்கு வீட்டில் வேறு யாருக்கும் தைரியம் வராது.

இறந்தவர் பேரில் எந்த வங்கியில் என்ன கிடக்கிறது என்று தெரியாமல் தவிக்கும் குடும்பங்களுக்காக ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்கம் என்று ஒரு இணையதளமே தொடங்கியது, பத்து வருஷமாக யாரும் தொடாத வைப்புத்தொகைகளைத் தேட. நம் வீட்டுப் பெண்கள் அதில் போய்த் தேடும் நிலை வரக் கூடாது. ஆலோசகரைப் பார்க்கப் போகும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். தலைமையாசிரியர் வீட்டுக் கணக்கில் முக்கியமான எண்கள் எல்லாம் யார் வாயிலிருந்து வந்தன என்று சொன்னேன் அல்லவா? கணவரை மட்டும் பார்த்துப் பேசுகிற ஆலோசகர் பாதி வாடிக்கையாளரை விட்டுவிட்டார்.

முதல்முறை போகும்போது எடுத்துப்போக வேண்டியவை: வங்கிப் பாஸ்புக்குகள், எல்லாப் பாலிசிப் பத்திரங்களும், நகைக்கடன் சீட்டு இருந்தால் அது, ஓய்வூதிய ஆணை, வீட்டுப் பத்திரத்தின் நகல், ஆறு மாத மருந்துச் செலவு பில். கடைசியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கேள்விகளுக்கு அரைமணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்கு முன் ஒன்று. வங்கியில் போட்டது எஃப்.டி.யா பாலிசியா என்று சந்தேகம் உள்ளவர்கள் இங்கே யாராவது இருந்தால், பத்திரம் கைக்கு வந்து 30 நாள் ஆகியிருக்காவிட்டால், கேள்வி நேரம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். நேரே மேடைக்கு வாருங்கள். தாளும் பேனாவும் இருக்கிறது, கடிதத்தை இப்போதே எழுதிவிடலாம்.